இரவல் முழங்கால்

நடக்கச் சிரமப்படுகிறவருக்குக் கப்பலில் அறை பிடிக்க வேண்டுமென்றால், அவருடைய முழங்காலைப் பத்து நிமிடம் இரவல் வாங்கிப் போட்டுப் பார்க்க வேண்டும். அதுதான் விதி. பூரணி தன் அப்பாவின் முழங்கால் வலியையும் விறைப்பையும் அளந்து ஏற்றிக் கப்பல் கம்பெனி அனுப்பிய பட்டைகளைக் காலில் கட்டி, மெய்நிகர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கூடத்தில் நின்றாள். அப்பா ஏகாம்பரம் எதிரே சோபாவில் இருந்தார்.

கண்ணாடிக்குள் கப்பல் அறை விரிந்தது. கட்டில், ஜன்னல், கடல் எல்லாம் அருமை. குளியலறை வாசலில் மட்டும் இரண்டங்குலப் படி. தாண்டப் பார்த்தாள். முழங்காலுக்குள் ஊசி குத்தியது. கால் எழவே இல்லை. வேறு வழியில்லாமல் படியின் மேலேயே பாதத்தை வைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் இறங்கினாள்.

இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

போன சரஸ்வதி பூஜையன்று அப்பா பூஜையறை நிலைப்படியை மிதித்துவிட்டார். "படிய மிதிக்காதீங்கன்னு எத்தனை தடவைப்பா சொல்றது? சின்னக் குழந்தையா நீங்க?" என்று விருந்தாளிகள் முன்னாலேயே கத்தினாள். அன்றிலிருந்து அவர் கூடத்தில் நின்றபடியே கும்பிடுகிறார். "வயசாச்சு, சாமி மேலயும் பிடிப்பு விட்டுப்போச்சு" என்று இவள் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

"படி இல்லாத அறை காட்டட்டுமா மேடம்?" என்றது கப்பல் கம்பெனியின் குரல்.

பூரணியின் கை கண்ணாடி வரை போய் நின்றது. கண்ணாடியைக் கழற்றினால் அப்பாவின் முகத்தைப் பார்த்தாக வேண்டும்.

"கழட்டிடும்மா" என்றார் ஏகாம்பரம் பதறிப்போய். "அந்தக் கால் நிக்க நிக்க வலிக்கும்."