கண்ணாடித் தட்டின்மேல் இருபத்தாறு மடவை

"என் மீனையெல்லாம் திருப்பி வெச்சது நீதானேடி?"

"நான் ஏன் அத்தே தொடப்போறேன்? எடுத்துனு போ, எடுத்துனு போனு காலையிலர்ந்து கத்துறேன்."

தோணிரேவில் கஸ்தூரியம்மாள் மீன் காயவைத்தால் எல்லாத் தலையும் ஏரியைப் பார்த்திருக்கும். காக்கை ஒன்றைத் தூக்கினாலும் வரிசையில் தெரிந்துவிடும். இன்று அவள் மடவையைப் பரப்பியது, நந்தினி பார்த்துக்கொள்ளும் கண்ணாடித் தட்டுகளில் ஒன்றின்மேல். உள்ளே இருக்கும் வினையூக்கித் தூள், வெயில் பட்டால் காற்றையும் தண்ணீரையும் அம்மோனியாவாக மாற்றும். நான்கு மணிக்கு அதிகாரிகள் வருகிறார்கள். ஒரு தட்டின் அம்மோனியா மீட்டராவது இருபது காட்டாவிட்டால் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போவார்கள். நந்தினியின் வேலையும் போய்விடும்.

"மணல்ல போட்டா மண்ணு ஒட்டுது. இது சுத்தமா கீது" என்றாள் கஸ்தூரியம்மாள்.

மணி மூன்று. சூரியன் பஸ் ரோட்டுப் பக்கம் இறங்கியிருந்தது. இருபத்தாறு மீன்களும் அதைப் பார்த்தபடி கிடந்தன. வெயில் விழுந்த தட்டுகள் ஆறு காட்டின. மீன் மூடிய தட்டு இருபத்தாறு காட்டியது.

"தானா திரும்புற கருவாட்ட எவ வாங்குவா?"

கஸ்தூரியம்மாள் ஒன்றை எடுத்துக் கூடையில் போட்டாள். மீட்டர் இருபத்தைந்து ஆனது.

அப்போது ஒரு மேகம் சூரியனை மறைத்தது. தட்டில் இருந்த மீன்கள் அவசரமில்லாமல் கஸ்தூரியம்மாள் பக்கம் திரும்பின. மீட்டர் முப்பதைத் தாண்டியது.

நந்தினி கூடையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தே, நாலு மணி வரைக்கும் நீயும் இங்கயே குந்திக்கிறியா?"