பனிக்குள் ஒரு எண்ணிக்கை

முட்புதரில் குடியிருந்த மருதாயி என்ற கௌதாரிக்குத் தன் ஐந்து குஞ்சுகளை நினைத்துப் பெருமை. பொரித்த பத்தாம் நாளே ஒன்றிலிருந்து ஐந்து வரை ஒப்பிக்கப் பழக்கிவிட்டாள். இரை தேடித் திரும்பும்போதெல்லாம் "எண்ணுங்க" என்பாள். ஆளுக்கொரு எண்ணாகச் சொல்வார்கள். ஐந்தும் கேட்டால்தான் அவளுக்கு மூச்சு வரும்.

ஒரு காலை, பனிமூட்டத்தில் அவள் காலே அவளுக்குத் தெரியவில்லை. குஞ்சுகளைச் சிறகுக்குள் அணைத்துக்கொண்டு, "எண்ணுங்க" என்றாள்.

"ஒன்று." "இரண்டு." "மூன்று." "நான்கு." "ஐந்து."

நிம்மதியாகக் கண்ணை மூடினாள். கடைக்குட்டி செவ்வந்தி மட்டும் அக்காமாரை ஒவ்வொருவராக அலகால் தொட்டுப் பார்த்தாள்.

"அம்மா, இங்க நாலு பேர்தான் இருக்கோம்."

"அஞ்சு வரைக்கும் கேட்டுச்சேடி."

"கேட்டுச்சு. மூணு மட்டும் வெளியிலிருந்து வந்துச்சும்மா."

மருதாயி மூன்றாமவள் படுக்கும் இடத்தைத் துழாவினாள். வெறும் தரைதான் தட்டுப்பட்டது.

"பூவரசி, எங்கடி இருக்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"மூன்று" என்றது பனிக்குள்ளிருந்து, மகளின் குரலேதான். இப்போது இன்னும் கிட்டத்தில் கேட்டது.

"அக்காவா இருந்தா 'இந்தா இருக்கேன்'னு சொல்லியிருப்பா," என்றாள் செவ்வந்தி. "இது ஏதோ தினமும் நம்மளக் கேட்டு மனப்பாடம் பண்ணியிருக்கு."

மருதாயி அழவில்லை. நால்வரையும் ஒவ்வொருவராகத் தொட்டு முன்னே தள்ளி, சத்தமில்லாமல் புதரைவிட்டு வெளியேறினாள். பின்னால் அது ஒன்றிலிருந்து ஐந்து வரை, ஐந்து குஞ்சுகளின் குரலிலும் மாறி மாறி, ஒரு தப்பும் இல்லாமல் எண்ணிக்கொண்டே இருந்தது.