மூன்றும் அணையும்போது

ஜெனரேட்டர் அறையின் மூன்று பல்புகளும் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன. வட்டமாக ஓடின.

அவள் சுவிட்சிலிருந்து கையை எடுத்தாள்.

"என்ன அம்மிணி, கோயில் நோம்பி சாட்டியாச்சா? சீரியல் லைட்டு ஓடுது!"

வாசற்படியில் உட்கார்ந்திருந்த பழைய இரும்பு வியாபாரி சிரித்தார். வெளியே அவருடைய காலி லாரி நின்றது. இன்றைக்குள் ஊர் கரண்ட் லைனோடு சேராவிட்டால், தண்ணீரில் ஓடும் இந்த ஜெனரேட்டரை அவரிடம் பழைய இரும்புக்குப் போட்டுவிடச் சொல்லியிருந்தார் எஸ்டேட் முதலாளி. பிறகு இந்த அறைக்குப் பூட்டு. அவளுக்கும் இங்கே வேலையில்லை.

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பல்புகள் ஓடினால் வரிசை தப்பு. ஜெனரேட்டருக்குப் புதுக் காயில் கட்டிய கடையில் ஒயர் முனைகளை மாற்றிவிட்டிருந்தார்கள். ஜெனரேட்டரின் மூன்று பேஸும் ஒரு வரிசையில் வந்தன. லைனின் மூன்றும் வேறு வரிசையில்.

தண்ணீரை அடைத்தாள். சக்கரம் சுழன்று நின்றது.

ஸ்பேனரை எடுத்தபோது டார்ச் வெளிச்சம் விழுந்தது. வியாபாரிதான்.

"எந்த ரெண்டை மாத்தோணும்?"

"எந்த ரெண்டுன்னாலும் சரிங்ண்ணா."

மாற்றினாள்.

மறுபடி தண்ணீர். சக்கரம் வேகம் பிடித்தது.

இப்போது மூன்றும் சேர்ந்து எரிந்தன. சேர்ந்து அணைந்தன.

தண்ணீர் வால்வை மயிரிழை அளவு திருப்பினாள். பல்புகளின் துடிப்பு நிதானமானது.

மூன்றும் அணைந்திருக்கும் நொடியில்தான் சுவிட்சைப் போட வேண்டும். அப்போதுதான் இரண்டு கரண்டும் ஒன்றாக ஓடுகின்றன. வெளிச்சத்தில் போட்டால் காயில் கருகும். போன மழையில் கருகியது அப்படித்தான்.

வெளிச்சம்.

இருட்டு.

கை நகரவில்லை.

வெளிச்சம்.

இருட்டு. அதையும் விட்டுவிட்டாள்.

பின்னால் அவர் டார்ச்சை அணைத்தார்.

வெளிச்சம் மெல்ல வடிந்தது. சிவந்தது. இழை மட்டும் தெரிந்தது.

தடால். சுவிட்சைப் போட்டுவிட்டாள்.

தரை ஒருமுறை அதிர்ந்து அடங்கியது.

பல்புகள் எரியவில்லை.

"போச்சா அம்மிணி?"

அவள் மற்றக் கையால் வால்வைத் திறந்தாள். பல்புகள் அப்படியே இருந்தன. லைனுக்குப் போகும் கரண்டைக் காட்டும் மீட்டரின் முள் தயங்கியது. பிறகு ஏறியது.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெனரேட்டரைக் கட்டக் கொண்டுவந்த கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டார்.

பாரமில்லாத லாரி கடகடத்துக்கொண்டு வளைவு வளைவாக இறங்கும் சத்தம் கேட்டது.

அது தேய்ந்த பிறகுதான் அவள் சுவிட்சிலிருந்து கையை எடுத்தாள்.