எண்பத்து நான்கு தேக்கு

பதினொன்றாக இரண்டு நிமிடம் இருக்கும்போதே தொலைபேசி அடித்தது. அவர்தான்.

வேறு யார் கூப்பிடப் போகிறார்கள்? விவசாயிகள் தங்கள் நிலத்தில் மரம் வளர்க்கும் திட்டத்துக்கான உதவி எண் இன்றோடு மூடப்படுகிறது. நாளை முதல் எல்லாம் கைபேசிச் செயலியில். என்ன சந்தேகம் கேட்டாலும் அதுவே பதில் சொல்லிவிடுமாம்.

வன அலுவலகத்து மாடியில், பழைய கோப்புகள் அடைத்த அறையில், ஒரு மேசை, ஒரு தொலைபேசி, நான்.

வந்த புதிதில் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்க முடியாது. அப்புறம் மானியத்தைக் குறைத்தார்கள், அழைப்பும் குறைந்தது. இந்த ஆறு மாதமாக ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன்.

மாற்றலாகி வந்த ஊர். வீட்டில் பேச்சுத்துணைக்குச் சுவர்தான். அதிலும் பாதி பக்கத்து வீட்டுக்காரருடையது.

ஆனால் செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு அவர் கூப்பிட்டுவிடுவார்.

எண்பத்து நான்கு தேக்கங்கன்றுகள். முதல் தடவை, குழி எத்தனை அடி ஆழம் வேண்டும் என்று கேட்டார். இன்னொரு வாரம், இலையெல்லாம் சல்லடையாகிவிட்டது, என்ன புழு என்று தெரியவில்லை என்றார். பக்கக் கிளைகளை எப்போது கழிப்பது, கழித்த இடத்தில் என்ன பூசுவது என்றெல்லாம் கேட்பார்.

நான் ஒரு கன்றுகூட நட்டவளில்லை. கையேட்டைப் பார்த்துத்தான் சொல்வேன். அவர் நிதானமாகக் கேட்டு, ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு, அப்படியே செய்துவிடுவதாகச் சொல்வார். அடுத்த வாரம் செய்ததைச் சொல்வார்.

கிழக்கு ஓரத்து வரிசை மட்டும் சவலையாக நிற்கிறது என்று ஒரு சமயம் சொன்னார். அதையே நினைத்துக்கொண்டு, பஸ்ஸில் நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

இன்றைக்கு அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. மரங்கள் அவரை விட இரண்டு ஆள் உயரம் போய்விட்டனவாம். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறதாம்.

எண் மூடப்படுவது அவருக்குத் தெரிந்திருந்தது. அதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

நான்தான் மனசு கேட்காமல், வருகிற ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வருகிறேன், ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றேன்.



“வாங்கம்மா. ஆனா இப்ப வழி சரியில்ல. நான் சொல்றப்ப வாங்க.”

இந்த எண் போன பிறகு எப்படிச் சொல்வீர்கள் என்று நான் கேட்கவில்லை. நல்லபடியாக இருங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்.

மதியம் மேலதிகாரி படியேறி வந்தார். தொடர்ந்து கூப்பிடுகிறவர்கள் யாராவது இருந்தால் அவர்களுடைய விண்ணப்பங்களைச் செயலிக்கு மாற்ற வேண்டும் என்றார்.

ஒரே ஒருவர்தான் என்றேன்.

அவர் மானியத்தைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. அதனால் அவருடைய விண்ணப்பத்தைத் திறந்து பார்க்கும் அவசியம் எனக்கு வந்ததே இல்லை. இப்போதுதான் அவர் எண்ணைப் போட்டுக் கணினியில் தேடினேன்.

வந்தது.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. இருபத்திரண்டு மாதங்களுக்கு முன்பே.

காரணத்தைப் படித்தேன். மனுதாரர் குறிப்பிட்டுள்ள நிலம் நீர்த்தேக்கத்துக்காகக் கையகப்படுத்தப்பட்டு, ஒன்பது ஆண்டுகளாக நீரில் மூழ்கியுள்ளது. கன்றுகள் வழங்க இயலாது.

கடிதம் கிடைத்ததற்கு அவர் போட்ட கையெழுத்தும் இருந்தது. கோணல்மாணலாக, ஆனால் முழுப் பெயரும்.

தேதியைப் பார்த்தேன். ஒரு திங்கட்கிழமை. குழி எத்தனை அடி என்று அவர் என்னிடம் கேட்டது அதற்கு மறுநாள்.

குடும்ப உறுப்பினர்களின் எண்ணிக்கை என்ற கட்டத்தில் ஒன்று என்று எழுதியிருந்தது.

இத்தனை நாளில் என்னைக் கூப்பிட்ட அத்தனை பேரும் தண்ணீர் இல்லை, கிணறு வற்றிவிட்டது என்றுதான் புலம்பினார்கள். அவர் மட்டும் தண்ணீரைப் பற்றி வாயே திறந்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மேலதிகாரி என் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தார். தள்ளுபடியான விண்ணப்பத்தை மாற்றத் தேவையில்லை என்றார். நான் தலையாட்டினேன். அவர் சுவரிலிருந்து கம்பியைப் பிடுங்கி, தொலைபேசியில் சுற்றி, அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கீழே இறங்கிப் போனார்.

மேசையில் அது இருந்த இடம் மட்டும் தூசி படியாமல் சதுரமாகத் தெரிந்தது.

என் கைபேசியை எடுத்து, திரையில் இருந்த விண்ணப்பதாரர் எண்ணுக்கு அடித்தேன். யார் என்று கேட்டார். சொன்னேன். இது என் சொந்த எண், குறித்து வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

என் முன்னால் அந்த விண்ணப்பம் திறந்தபடியே இருந்தது.

“கையேட்டுல இப்பதான் பாத்தேன். மூணாவது வருஷத்துல மரத்துமேல மிளகுக் கொடி ஏத்தலாமாம். நாம ஏத்திடலாமா?”



அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, எந்த வரிசையிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று கேட்டார்.