உரைப்பகுதியில் இல்லாத பெயர்

சிதம்பரத்தில் விடைத்தாள் திருத்தும் முகாம். முதுநகர்ப் பக்கத்துப் பழைய பாலம் ஒன்றைப் பற்றி உரைப்பகுதி கொடுத்து, கட்டும்போது எத்தனை பேர் இறந்தார்கள் என்று கேட்டிருந்தார்கள். ஒருவரும் இல்லை என்றது விடைக்குறிப்பு. ஆசிரியை அனுப்பிரியாவுக்கு வந்த விடைத்தாள் கட்டில் இருபது பிள்ளைகளும் ‘ஒருவர். பொன்னுரங்கம்’ என்று எழுதியிருந்தார்கள். அவள் இருபது பேருக்கும் முழு மதிப்பெண் போட்டாள்.

முதன்மைத் தேர்வாளர் செந்தமிழ்செல்வன் கத்தினார். “காப்பி அடிச்சிருக்காங்கம்மா. எல்லாத்தயும் ஜீரோவாக்கு.”

“பல ஸ்கூல் பேப்பரக் கலந்துதான சார் கட்டு போட்டீங்க? நெல்லிக்குப்பத்துப் புள்ள குறிஞ்சிப்பாடிப் புள்ளயப் பாத்தா எழுதுச்சு?”

“குடுத்த பகுதியில அந்தப் பேரு இருக்கா?”

“கூலிக்காரன் பேரு எந்தப் புத்தகத்துல சார் இருக்கு? எங்கப்பா பேருந்தான் இருக்காது. வேலைய விட்டுத் தூக்குனாலும் மார்க்கக் கொறைக்க மாட்டேன்.”

“சரியான விடைய எழுதிக் காட்டுறேன், பாரு.”

அவர் ஒரு வெள்ளைத்தாளை இழுத்து, விடைக்குறிப்பைப் பார்த்துப் பார்த்து எழுதினார். எழுதி முடித்ததைப் படித்தவர் பேனாவைக் கீழே போட்டார். தாளில் ‘ஒருவர். பொன்னுரங்கம்’ என்றிருந்தது.

அனுப்பிரியா அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்து, அதற்கும் முழு மதிப்பெண் போட்டாள்.