மானமுள்ள கடையடைப்பு

தாய்நாட்டில் விலைவாசி தாங்காமல் வேலைநிறுத்தம் செய்தவர்களை அரசு பிடித்து அடைத்தது. அவர்களுக்காக மொன்றியலில் தமிழ்க் கடைகள் எல்லாம் சனிக்கிழமை பூட்டவேண்டும் என்று சிவநேசம் கடைகடையாக ஏறி இறங்கினார்.

"சனிக்கிழமைதானே அங்கிள் எங்களுக்கு வியாபாரம்?" என்று என் மகன் ரதீசன் இழுத்தான்.

"தம்பி, மானம் பெரிசோ, மரக்கறி பெரிசோ?"

அந்தச் சொல் என்னைத் தைத்தது. கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் முதலில் பூட்டியது எங்கள் காய்கறிக் கடைதான்.

சனிக்கிழமை மத்தியானம் மனைவி பை நிறைய முருங்கைக்காயுடன் வந்தாள்.

"எங்கையடி வாங்கினனீ? எங்கடை குடும்ப மரியாதை என்னாகிறது?"

"எங்கடை கடையிலை முருங்கைக்காய் முடிஞ்சுதெல்லே. செயின்ட்-மிஷேலிலை புதுக் கடை, இண்டைக்குத்தான் திறந்தவை. வேறை கடை இல்லாமல் சனம் நெரிபடுது."

"ஆரடி அந்த மானங்கெட்டவன்?"

"சிவநேசத்தாற்றை மருமோன். மாமனார்தானாம் நாள் பாத்துக் குடுத்தவர்."