கல் இல்லாத வயல்

"ரோட்டை விட்டு ஒரு அடி இறங்கினே, காலை இங்கேயே விட்டுட்டுத்தான் போகணும் தம்பி!"

அச்சு முறிந்த லாரிக்கு அடியில் படுத்தபடியே கத்தினார் டிரைவர் முஹோங்கோ.

சபாலுவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. போர் ஓய்ந்து, ஜாம்பியா அகதி முகாமிலிருந்து அங்கோலாவுக்குத் திரும்புகிறான். மனைவி நமூந்தா போன மாதமே வந்து குடிசை போட்டுவிட்டாள். அதோ, வயலுக்கு அந்தப் பக்கம், மாமரத்தடியில் புகை. அவள் சமைக்கிற புகை! ரோட்டில் சுற்றிக்கொண்டு நடந்தால் பொழுது சாய்ந்துவிடும்.

"அண்ணே, கண்ணிவெடி இருந்தா சிவப்புச் சாயம் அடிச்ச கல்லு இருக்கும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா. வெடி எடுக்கிற ஆளுங்க ஓரத்துல வரிசையா வெச்சிருப்பாங்க. அதைத் தாண்டினா கதை முடிஞ்சுது."

"இங்க ஒரு கல்லுகூட இல்லையே?"

முஹோங்கோ தலையை நீட்டிப் பார்த்தார். லாரியில் இருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். எல்லோரும் அதே ஊர்க்காரர்கள்தான். கல் எதுவும் தென்படவில்லை.

"பொண்டாட்டியைப் பாக்கிற அவசரத்துல இவனுக்குச் சிவப்பே கண்ணுக்குத் தெரியல போல!" என்றாள் கைக்குழந்தைக்காரி ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

சபாலு இறங்கிவிட்டான். பார்த்துப் பார்த்து அடி வைத்தான். புல், கரையான் புற்று, காய்ந்த சோளத்தட்டை. சிவப்பாக ஒன்றுமே இல்லை. அப்பாடா! மாமரத்தைத் தொட்டதும் திரும்பிக் கையை ஆட்டினான்.

"ஒண்ணும் இல்ல! எல்லாரும் தாராளமா வாங்க!"

நமூந்தா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அழுதாள். இப்படி எலும்பும் தோலுமாகவா வந்து நிற்பது என்று திட்டவும் செய்தாள்.

"உக்காரு, மரவள்ளிக் களி கிண்டறேன். அடுப்பைப் பாத்தியா? நானே போட்டது!"

பார்த்தான். மூன்று கற்கள். கரி படியாத இடமெல்லாம் பளிச்சென்று சிவப்பு.

"இது... ஏது?" குனிந்து அந்தக் கல்லைச் சுட்டினான்.

"ரோட்டோரமா வரிசையாக் கெடந்துச்சு. யாரு வெச்சாங்களோ, என்ன அழகு பாரேன்! ஊர்ல எல்லா வீட்டு அடுப்பும் இந்தக் கல்லுதான். ஒண்ணு விடாம பொறுக்கிட்டு வந்துட்டோம்."

சபாலு திரும்பிப் பார்த்தான். கைக்குழந்தைக்காரி முன்னால் நடக்க, லாரியில் இருந்த அத்தனை பேரும் சிரித்துப் பேசிக்கொண்டே நடுவயலில் வந்துகொண்டிருந்தார்கள்.